பனிக்குள் கேட்ட ஷெல் சத்தம்

போன மார்ச் மாதம் நடந்தது இது. மொன்றியலில் வாசல் பனியைத் தள்ளித் தள்ளி அலுத்துப்போய், பனியில்லாத எங்காவது போவோம் என்றேன். என் கணவர் அதைவிடப் பனி கூடிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காஸ்பெசி மலைகள், காரில் ஒரு முழுநாள் ஓட்டம். பனிமேல் நடக்க ஸ்னோஷூ வாங்கிய நாளிலிருந்து அவருக்குக் கால் வீட்டில் நிற்பதில்லை.

காலையில் தங்குமிடத்தில் பனிச்சரிவு அபாய அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஐந்து படிகளில் மூன்றாவது. நான் கீழே இருந்த விளக்கத்தையும் வாசித்தேன். காலடியில் 'தும்' என்று கேட்டாலோ பனியில் வெடிப்பு ஓடினாலோ, உள்ளே ஒரு பனி அடுக்கு இடிந்துவிட்டது, சரிவு இறங்கலாம் என்று பொருள். சரிவின் அடியிலும் பள்ளங்களிலும் நிற்கக் கூடாது. போகவேண்டாம் என்றேன். அவர் சிரித்தார்.

"அஞ்சில மூண்டுதானே. நாங்கள் மலையில ஏறவா போறம்? அடிவாரத்தால நடந்திட்டு வாறதுதானே."

சோதனையில் பாஸ் மார்க் எடுத்தவர் மாதிரிப் பேசினார். நானும் பின்னால் போனேன்.

காட்டைத் தாண்டியதும் மரமே இல்லாத வெள்ளைச் சரிவு ஒன்று எழுந்து நின்றது. அதன் அடியால் பாதை. பாதைக்குக் கீழே உறைந்த ஓடையின் பள்ளம். காற்று இல்லை, ஒரு பறவை இல்லை. எங்கள் மூச்சே யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. நான் மர ஓரத்தில் நின்றுவிட்டேன், அவர் முன்னால் போனார்.

அப்போதுதான் நிலத்துக்குள்ளிருந்து வந்தது, 'தும்' என்று. என் காலடிப் பனி கொஞ்சம் இறங்கியது.

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். தூரத்தில் ஷெல் குத்தும், அதாவது ஏவும், சத்தம். அது கேட்டால், ஷெல் வந்து விழுவதற்குள் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், இறங்கிவிட வேண்டும். அவர் யோசிக்கவே இல்லை. ஓடைப் பள்ளத்துக்குள் சறுக்கி இறங்கி, குந்தி, காதுகளைப் பொத்திக்கொண்டார். எனக்கும் முழங்கால் மடிந்தது. ஆனால் மேலே, சரிவின் குறுக்கே ஒரு வெடிப்பு சத்தமில்லாமல் ஓடுவதைக் கண்டுவிட்டேன்.

வரச் சொல்லிக் கத்தினேன். பனிச்சரிவு என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, பொறு என்று கையைக் காட்டினார். விழட்டும், பிறகு எழும்பலாம் என்பதுபோல. அது ஒரு சின்னப் பையனின் முகம். அவர் என்னோடு அந்த மலையில் இல்லை.

எப்படி வாயில் வந்ததோ, அன்று ஊரில் பங்கர் வாசலில் நின்று பெரியவர்கள் சொல்வதைச் சொன்னேன், கத்தாமல்.

"இஞ்சாருங்கோ, விழுந்திட்டுது. முடிஞ்சுது. வெளியில வாங்கோ."

உடனே எழும்பி வந்தார், மண்ணைத் தட்டுவது போலப் பனியைத் தட்டிக்கொண்டு. கையைப் பிடித்து மரங்களுக்குள் இழுத்துப்போய்த் திரும்பிப் பார்த்தேன். சரிவு இறங்கியது. பெரிய இரைச்சல்கூட இல்லை, யாரோ நீளமாக மூச்சு விட்டது போல இருந்தது. வெண்தூள் அடங்கியபோது பள்ளமும் இல்லை, அவர் காலடிகளும் இல்லை. யாரும் வந்தே இராத இடம் மாதிரிக் கிடந்தது.

திரும்பும் வழியில் காரில் கேட்டார்.

"அப்ப இன்னும் விழேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே?"

ஓம் என்றேன்.

இப்போதும் எங்கள் தெருவில் பனி அள்ளும் வண்டி 'தும்' என்று எதையாவது இறக்கினால், அவர் அப்படியே உறைந்து நிற்பார். முடிஞ்சுது, வாங்கோ என்பேன், வந்துவிடுவார். உண்மையா பொய்யா என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் நான் முதலில் மேலே பார்த்து, ஒன்றும் விழ இல்லை என்று தெரிந்த பிறகே அதைச் சொல்கிறேன்.