அக்கா அழித்த கோடு

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பி எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். என் மகள் ஸ்டெல்லாதான் தட்டச்சு செய்து திருத்தினாள். இருந்தாலும் யார் பெயராவது விட்டுப்போயிருக்குமோ, யார் மனமாவது நோகுமோ என்று அச்சகத்துக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டேன். இப்போது என் நம்பரைப் பார்த்தால் அவர்கள் எடுப்பதில்லை.

அக்கா மலாக்கா ரெம்பியாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தார். அவர் மூத்தவர், நான் கடைசி. இடையில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அம்மாவின் பால் வெட்டும் கத்தியையும் வாளியையும் அவர் எடுத்துக்கொண்டார். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிய பிறகு தொழிற்சாலை பஸ் ஏறினார். நான் சுங்கை ஊடாங்கில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் என் காலில் நிற்கும்வரை அவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று பெரியவர்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா சவரிமுத்துவும் அவர் தம்பி சந்தியாகுவும் ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் இருந்தவர்கள். நாங்கள் சவரிமுத்து தாத்தா வழி. சந்தியாகு தாத்தாவின் பேரன் அந்தோணி. பங்காளி வீடு என்பதால் அக்காவுக்கு அவர் அண்ணன் முறை. அந்த அந்தோணி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவைக் கேட்டார். அப்பா அவரை உள்ளே விடவில்லை.

"ஏண்டா, பெரியப்பன் மவள கேட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

அக்கா குசினியில் அடுப்புப் பக்கம் இருந்தார். வெளியே வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தோணிக்குக் கல்யாணம் நடந்தது. அக்காதான் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்றார். இதை எழுதும்போது எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. ஒரு வருடமாகவே இப்படித்தான் இருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கொடுக்க ஆசைப்பட்டார். தோட்டத்துக் கல்லறையில் மரச் சிலுவைகள் உளுத்துப்போய்ப் பாதிப் பெயர்தான் இருந்தது. அதனால் மலாக்காவில் கோயில் ஆபீஸுக்குப் போய் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பார்க்கத் தொடங்கினார். எல்லாம் லத்தீன். 'பாத்ரினுஸ்' என்றால் ஞானத்தகப்பன், 'ஃபிலியுஸ்' என்றால் மகன் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார்.

ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். ரோட்டோரம் விட்டிருந்த காருக்கு சம்மன் போட்டுவிடுவார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க என்னடா பார்வை? இங்க வா, இத படி."

"இதெல்லாம் எனக்கு எங்கக்கா படிக்கத் தெரியும்?"

"பேரு தெரியுதுல்ல? இது சந்தியாகு தாத்தா. பெரிய ஆளா வளர்ந்தப்புறம் இங்க வந்துதான் ஞானஸ்நானம் வாங்கியிருக்காரு. அப்பா பேரு குப்பன், ஊரு சேலம் பக்கம். நம்ம தாத்தா கல்யாணப் பதிவுல அவங்கப்பா பேரு இஞ்ஞாசி, ஊரு திருச்சிப் பக்கம். இப்ப இங்க பாரு, ஞானத்தகப்பன் யாரு?"

அவர் விரல் வைத்த இடத்தில் சவரிமுத்து என்று இருந்தது.

"அப்ப அவங்க அண்ணன் தம்பி இல்லையா?"

"இல்ல."

எனக்கு உடனே பயம் வந்தது. "ஞானத்தகப்பன் உறவும் உறவுதானேக்கா? அதுலயும் கட்டக் கூடாதுல்ல?"

"ஃபாதர்கிட்ட அன்னிக்கே கேட்டுட்டேன்டா. அது அவங்க ரெண்டு பேரோட சரி. பேரப்பிள்ளைங்களுக்குக் கிடையாது."

அதாவது, அவர் முன்பே பார்த்துவிட்டார். கேட்டும் முடித்துவிட்டார். தான் பார்த்தது போதாமல் இன்னொரு ஆள் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். தாத்தா ஏன் தம்பி என்று சொன்னார் என்று சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை. ஆளில்லாமல் வந்தவரைத் தன்னோடு ஒரே அறையில் வைத்துக்கொள்ள அப்படிச் சொல்லியிருக்கலாம் என்பது அக்காவின் கணக்கு.

"அந்தோணிகிட்ட சொல்ல வேணாமாக்கா?"

"சொல்லி? அவங்க சம்சாரம் கல்லறையில மெழுகுவத்தி கொளுத்துறதே நான்தான். நீ வாய மூடிக்கிட்டு இரு. பசிக்குது, வா."

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்றுகூடப் பயந்திருக்கிறேன்.

கடைசியில் அக்கா பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்தோணி கிளேபாங்கிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தார். "வாங்க, சாப்டீங்களா?" என்பார் அக்கா. அவர் தலையாட்டுவார். பிறகு கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். பதினோராம் நாள் காலை அக்காவின் மூச்சு நின்றபோதும் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

இந்த மலருக்காக அக்கா வரைந்த குடும்ப மரத்தை எடுத்தோம். இரண்டு தாத்தாக்களையும் அண்ணன் தம்பியாகச் சேர்த்த பென்சில் கோட்டை அவர் அழித்திருந்தார்.

ஸ்டெல்லா கேட்டாள். "அப்பா, இந்தக் கோட்ட போடவா, வேணாமா?"

போட்டால் அக்கா கண்டுபிடித்தது பொய்யாகிவிடும். போடாவிட்டால் அந்தோணி இதைப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வார். இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு கிளேபாங் போனேன். சாலையோரத்தில் மகன் போட்டிருக்கும் இளநீர்க் கடையில் அவர் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா பதிவுகளை எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப தெரியும் அவளுக்கு?"

"ஆறு வருசம் இருக்கும்ணே."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அதான். அப்ப இருந்து கடைசி வரைக்கும் என்னைய அண்ணேன்னே கூப்பிடல. வாங்க, போங்க, அவ்வளவுதான். நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன், கோவத்துல இருக்கான்னு நெனைச்சேன்டா."

"கேட்டிருக்கலாம்லண்ணே?"

"எப்படிடா கேக்குறது?"

மலரில் எழுதலாமா என்றேன். பிள்ளைகளிடம் கேள் என்றார். அவர் மகளிடம் போனில் கேட்டேன். "போடுங்கலா சித்தப்பா, அத்தை பாவம்" என்றது அந்தப் பிள்ளை.

கடைசிப் பக்கத்து மரத்தில் இரண்டு தாத்தாக்களுக்கும் நடுவே கோடு இல்லை. அச்சுப் பிழை என்று யாரும் எண்ண வேண்டாம்.

அக்காவைக் கழுவி உடுத்தி விட்ட தாதிகளுக்கும், பூசை வைத்த ஃபாதருக்கும், பாடல் குழுவுக்கும், பழைய புத்தகங்களை எடுத்துக் கொடுத்த கோயில் ஆபீஸ் அம்மாவுக்கும், பெட்டி தூக்கிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பிய, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும் எங்கள் நன்றி. பதினோரு நாளும் கூட இருந்த அந்தோணிக்கும் நன்றி.

வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறேனே என்று கோபப்படாதீர்கள். ஸ்டெல்லா எல்லா இடத்திலும் 'அந்தோணி அண்ணன்' என்றுதான் அடித்திருந்தாள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். வேறு எதையும் அவர் தொடவில்லை. தன் பெயருக்குப் பின்னால் இருந்த 'அண்ணன்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும், வந்த இடத்தில் எல்லாம், பேனாவால் அடித்துக் கொடுத்தார்.