சீட்டுக்குப் போட்ட நோட்டு

டிவியில் வந்த விண்வெளித் தொடரை, நாயகன் வேற்றுக் கிரகத்தில் தனியாக நிற்கும்போதே முடித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மீதிக் கதையை ஒரு வருடமாக நானே ஒரு நோட்டில் படக்கதையாக வரைந்துவந்தேன், யாருக்கும் காட்டாமல்.

அந்த நோட்டைத்தான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக எறிந்து சீட்டு பிடித்தேன், மடத்தனமாக. நெரிசலில் என்னால் ஏறவே முடியவில்லை. நோட்டு மட்டும் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போய்விட்டது.

மறுநாள் அதே பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கண்டக்டர் நோட்டை நீட்டினார். அப்பாடா!

"படம் போட்டது நீங்கதானாங்க? மலை ஏறுற வரைக்கும் பஸ்ஸே படிச்சிகினு வந்துச்சி. இன்னாங்க, பாதியில வுட்டுட்டீங்க? அந்தாளு வூடு போய்ச் சேர்ந்தானா இல்லியா?"

"சேர்ந்துட்டான்" என்றேன் சட்டென்று.

அந்த நிமிஷம் வரை அது எனக்கே தெரியாது.