குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த வெங்கச்சாங்கல்

ஜூலை கடைசி ஞாயிறு. ஊரே சாரலுக்காகக் குற்றாலம் போகும். நான் கல் பொறுக்கப் போனேன். சிரிக்காதீர்கள், என் ஆராய்ச்சியின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கல்லை நம்பித்தான் இருந்தது!

விஷயம் இதுதான். ஒரு பொருள்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் வெளியே வரும். அவற்றின் ஆற்றலை அளந்தால் எந்த அணு, யாரோடு பிணைந்திருக்கிறது என்று தெரியும். தொல்லை என்னவென்றால், அவை மேல்தோலின் சில நானோமீட்டரிலிருந்துதான் தப்பி வரும். மேலே ஒட்டிய ஈரம், கைப்பிசுக்கு எல்லாம் சேர்ந்து பதிவாகிவிடும். நான் உருக்கிய சோடா கண்ணாடியின் வரைபடத்தில் ஆக்சிஜன் முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு வந்தது. கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வகை ஆக்சிஜன் அது என்றேன். "மேல இருக்கிற ஈரம்மா அது, அத்தியாயத்த எடுத்துடு" என்றார் என் கைடு. மூன்று வருட உழைப்பு!

தீர்க்க ஒரு வழி இருந்தது. கண்ணாடியையும், ஒரே வகை ஆக்சிஜன் உள்ள குவார்ட்ஸையும், அதாவது நம் வெங்கச்சாங்கல்லையும், காற்றே இல்லாத அறைக்குள் உடைத்து, அந்தப் புது முகத்தை அளக்க வேண்டும். கல்லின் வெளிமுகத்தில் ஈரத்தால் வரும் மேடு உடைத்த முகத்தில் மறைந்து, கண்ணாடியில் மட்டும் நின்றால் ஜெயம் எனக்கு. கருவி கிடைத்ததோ செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு நாள்.

மதுரையில் காலை ஐந்து மணிக்கு பஸ். சுமார் 160 கிலோமீட்டர், டிக்கெட் 150 ரூபாய், தென்காசியில் இறங்கும்போது 9.10. ஸ்டாண்டில் மாடசாமி அண்ணாச்சியின் ஆட்டோவை மாலை வரை 900 ரூபாய்க்குப் பேசினேன். இலத்தூர் பக்கம் ஒரு குவாரியில் நான் கல்லூரியில் பாடம் எடுக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா மேனேஜர். எனக்காகவே இரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். பால் வெள்ளையில் ஆறு துண்டு! கையுறை போட்டு எடுத்து, தாளில் சுற்றி, பையில் வைத்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, "படிச்ச பிள்ளை, பாவம்" என்பதுபோல் இருந்தது.

வேலை முடிந்த தெம்பில் ஐந்தருவிக்கு விடச் சொன்னேன். நல்லெண்ணெய் தேய்த்து, பெண்கள் பக்கம் முக்கால் மணி நேரம் நின்றேன். அடேயப்பா, என்ன தண்ணீர்! திரும்பி வந்தால் ஆட்டோ சீட்டில் ஆறு கல்லும் வரிசையாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் என் எண்ணெய்ப் பாட்டில், காலியாக.

"அண்ணாச்சி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கல்லு மங்கிப்போய்க் கெடந்துது டீச்சர். எண்ணெய் தேச்சு அருவித் தண்ணில காட்டிட்டேன். நல்லா மினுங்குதுல்லா?"

குற்றாலத்துக்காரரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? அங்கே வருகிற எதையும் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பாட்ட மாட்டார்கள். நான் கத்திய கத்தலில் பழக்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். குவாரியோ பூட்டியாயிற்று. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தால் என் கதை கந்தல்.

அண்ணாச்சியின் முகம் சுருங்கிப் போயிற்று. "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். வேற கல்லு எங்கன கெடைக்கும்னு சொல்லுங்க, இப்பமே போவோம்." எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில், புரோட்டாவுக்குப் பேர்போன பிரானூருக்குப் போய் இருவரும் தின்றோம், அவருக்கும் சேர்த்து நானே காசு கொடுத்தேன். கோபம் அங்கேயே பாதி ஆறிவிட்டது.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், ஞாயிறு கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. அருவியில் தண்ணீர் வரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள். கல் வேண்டுமென்றால் அனுமதி கேட்டு எடுங்கள், ஆட்டோவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை கல்லை அசிட்டோனில் மூன்று முறை கழுவினேன். கருவி பார்க்கும் தம்பி முனகிக்கொண்டே உள்ளே ஏற்றினார். வெளிமுகத்தில் கார்பன் மலைபோல் எழுந்து நின்றது, சிலிக்கான் இருந்த இடமே தெரியவில்லை. உள்ளேயே உடைக்கச் சொன்னேன். டக்! புது முகத்தில் கார்பன் இல்லை. ஆக்சிஜன் முகடு ஒற்றையாக, சுத்தமாக நின்றது. பக்கத்தில் மேடு எதுவும் இல்லை.

அடுத்து என் கண்ணாடி. உடைத்தோம். மேடு அசையாமல் அங்கேயே இருந்தது! துண்டைச் சாய்த்து வைத்து, மேல்தோல் மட்டும் அதிகம் தெரிகிற மாதிரி இன்னொரு முறை அளந்தோம். அந்த மேடு ஈரத்தால் வந்ததென்றால் இப்போது வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. நான் துள்ளியதில் தம்பி பயந்துவிட்டார்.

இரண்டு வரைபடத்தையும் கைடுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே போன் செய்தார்: "ஐந்தாம் அத்தியாயத்த முதல் அத்தியாயமா வைம்மா."