லொக்கு நோனாவின் ஈரப் பூச்சாடிகள்

றக்வான மலையில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எழுநூறு பேர் வேலை செய்தாலும் தோட்டக்காரன் என்ற பட்டம் தங்கையா ஒருவருக்குத்தான். பங்களாவின் பூச்சாடிகளைப் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். பங்களா இப்போது கொழும்பு ஆட்கள் வந்து தங்கிப் படம் பிடித்துப் போகும் விடுதி.

வராந்தாவில் நாற்பத்தொரு சாடிகள். பன்னம் என்ற பெரணி, அந்தூரியம், பிகோனியா. அவற்றின் சொந்தக்காரி உயிரோடு இல்லை. அவர் போட்ட சட்டம் மட்டும் உயிரோடு இருந்தது. காலையும் மாலையும் தண்ணீர். முன்பிருந்த துரையின் மனைவி அவர். வேலையாட்களுக்கு லொக்கு நோனா, சிங்களத்தில் பெரிய வீட்டம்மா. துரை போன பிறகும் பங்களாவிலேயே தங்கிவிட்ட அவர், ஆறு வருடத்துக்கு முன் வராந்தாப் படியில் தண்ணீர் வாளியோடு விழுந்து இறந்தார்.

அன்று தோட்டத்துக் கோயிலில் திருவிழா. காலையில் நோனா தங்கையாவைக் கூப்பிட்டுச் சாடிகள் வாடுவதாகச் சொன்னார். “நாளைக்கு ஊத்துறேங்க” என்று சொல்லிவிட்டு இவர் காவடி பார்க்கப் போனார். அந்த ‘நாளைக்கு’ ஆறு வருடமாகத் தினம் இரண்டு வேளை நடந்துகொண்டிருந்தது. அடைமழை பெய்தாலும் நடந்தது.

ஆறு வருடம் காயாத மண்ணில் ஒரு நாள் ஈ பிறந்தது. எள்ளை விடச் சின்ன, கறுப்பு ஈ. சாடியைத் தட்டினால் புகை மாதிரி எழும்பும். விருந்தாளிகளின் தேநீரில் விழும். ஒருவர் இணையத்தில் எழுதினார்: இயற்கை அருமை, மூக்குக்குள்ளேயே வருகிறது.

மாத்தயா என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் மெனேஜர் இளைஞர். தமிழ் அளவாகப் பேசுவார். “ரெண்டு கிழம தாறேன், தங்கையா. லீவுக்குப் பெரிய குடும்பம் வருது. ஈ போகல்லன்னா சாடி எல்லாம் பள்ளத்துக்கு. எம்பிலிப்பிட்டியில நல்ல பிளாஸ்டிக் மரம் இருக்கு. தண்ணியே வேணாம்.”

தண்ணீர் வேண்டாத மரத்துக்குத் தோட்டக்காரனும் வேண்டாம் என்பதை அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர். வேலை போனால் பங்களாவுக்குப் பின்னால் தங்கையாவும் மனைவி கருப்பாயியும் இருக்கும் அறையும் போகும். அதையும் அவர் சொல்லவில்லை.

வாடிப்போன பன்னம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தங்கையா கொடகவெலவுக்கு பஸ் ஏறினார். அங்கே பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் பளீல், சாடியைப் பத்திரிகைத் தாளில் கவிழ்த்தார். வேரெல்லாம் மாவு தூவியது போல் வெள்ளை. உற்றுப் பார்த்தால் அந்த மாவு நகர்ந்தது. எறும்புகள் நடுவே காவல் நின்றன.

“மேல ஈ, கீழ வேர்ப் பேன். ஒரு நாளைக்கு எத்தன தரம் தண்ணி?”

“ரெண்டு வேளைங்க.”

“மழ பேஞ்சாலும்?”

“பேஞ்சாலும்.”

“இது பூமரமா, எருமையா? ஈரத்துலதான் ஈ முட்டை போடும். புழு உள்ளுக்கு இருந்து வேரத் தின்னும். பத்து நாள் தண்ணி காட்டாத. மேல மணல் போடு. மஞ்ச அட்டையில வெளக்கெண்ணெய் பூசி நட்டு வை, பறக்கிறது ஒட்டிக்கும். பேன் புடிச்சத மண்ணோட பேத்து, வேர சவக்காரத் தண்ணியில கழுவு. பழைய மண்ணைத் தூரக் கொட்டு. சுடுதண்ணி ஊத்தி ஆறவச்ச புது மண்ணுல நடு. எறும்ப விடாத, அதுதான் பேனைத் தூக்கிட்டு வந்து வைக்கிறது.”

“மருந்துங்க?”

“மருந்து விக்கிறவன் சொல்றன் கேளு. மொதல்ல வாளிய ஒளிச்சு வை.”

பேன் பிடித்த ஐந்து சாடிகளை மாற்றி நட்டார். வாளியைக் கொட்டகையில் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மாலை நாலு மணியானதும் கை தானாக எழும்பியது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார். எதிரே நோனாவின் பிரம்பு நாற்காலி மெல்ல ஆடியது. அது ஆடுகிற நாற்காலி அல்ல.

மூன்றாம் நாள் மண்ணில் விரலை விட்டார். ஈரம். ஐந்தாம் நாளும் ஈரம். வராந்தாவில் மழை விழாது. சாவி இடுப்பில் இருந்தது.

“அவங்கதான்” என்றாள் கருப்பாயி. “அன்னிக்கும் நீங்க ஊத்தல, அவங்களே ஊத்துனாங்க. இன்னிக்கு மட்டும் விடுவாங்களா?”

அந்தப் பேச்சு தங்கையாவின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆறாம் நாள் ஒவ்வொரு சாடி மண்ணையும் கிள்ளி மோந்தார். பன்னத்தில் அரிசி கழுவிய வாசம், ஓரத்தில் தேயிலைச் சக்கை. பிகோனியாவில் சவர்க்கார நுரை. அந்தூரியத்தில் தவளைக்குஞ்சு ஒன்று வாலாட்டியது. ஆவிக்கு அரிசி கழுவும் வேலை எதற்கு? குளத்துக்குப் போகும் வேலைதான் எதற்கு?

சமைக்கும் கோக்கி ஹுஸைன், அறை கூட்டும் துஷ்யந்தி, வாச்சர் இராமசாமி மூவரையும் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“யாரு ஊத்துறது?”

“நீ ஊத்தல்லயே” என்றார் ஹுஸைன். “யாராச்சும் ஊத்தோணுமே.”

“மூணு பேருமா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மற்றவர் ஊற்றுவது அவர்களுக்கும் புதுச் செய்தி.

இராமசாமிதான் முதலில் வாயைத் திறந்தார். “அன்னிக்கு நோனா என்னையத்தான் கூப்பிட்டாங்க. ‘பொட்டக் வத்துர தான்ன’ன்னு. கொஞ்சம் தண்ணி ஊத்தத்தானே சொன்னாங்க. காதுல விழாத மாதிரி வாசப்பக்கம் போயிட்டேன்.”

“என்னையும் கூப்பிட்டாங்க” என்றார் ஹுஸைன். “அடுப்புல கறி எண்டு சொன்னேன். கறி எறக்கி ஒரு மணித்தியாலம்.”

துஷ்யந்தி நிமிரவில்லை. “நான் கதவுக்குப் பின்னால நின்னேன்ணே. கூப்பிட்டது கேட்டுச்சு.”

“காலையில மொதல்ல என்னையக் கேட்டாங்க” என்றார் தங்கையா.

ஆறு வருடமாக ஆளுக்கு ஆள் தனியாகச் சுமந்தது அன்று நடுவில் இறங்கியது. நாலாகப் பிரித்தார்கள், யார் பங்கும் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

அதன் பிறகு யாரும் ஊற்றவில்லை. மண் வெடித்தது. மஞ்சள் அட்டைகள் கறுத்தன. மூன்று பிகோனியா செத்தன, மற்றவை பிழைத்தன. கெடு முடிந்த காலை மெனேஜர் வந்து சாடிகளைத் தட்டினார். ஒன்றும் எழும்பவில்லை.

“சரி, நீங்க இருங்க” என்றார்.

ஆனால் முன்யோசனைக்காரரான அவர் ஏற்கெனவே இரண்டு பிளாஸ்டிக் பாக்கு மரங்கள் வாங்கியிருந்தார். கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். பிரம்பு நாற்காலிக்கு இருபுறமும் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, பிளாஸ்டிக் மரத்தின் அடித்தட்டில் தண்ணீர் நின்றது.

ஹுஸைன் அல்லாஹ் மேல் ஆணையிட்டார். இராமசாமி முனியாண்டி மேல். துஷ்யந்தி பெற்ற பிள்ளை மேல். தங்கையா விரலால் தொட்டு மோந்தார். அரிசி இல்லை, நுரை இல்லை, குளம் இல்லை. வெறும் தண்ணீர். தேங்கினால் டெங்கு நுளம்பு வரும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்குப் போடுவார் என்று அதை வெளியே கொட்டிவிட்டார். மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும்.

“இப்ப என்ன சொல்றீங்க?” என்றாள் கருப்பாயி.

“கடைசிக் காலத்துல நோனாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. எது நெசமான மரம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அன்று மாலை இடுப்புச் சாவியை அவிழ்த்துக் கொட்டகையைத் திறந்தார். வாளியை எடுத்து, உயிருள்ள சாடிகளுக்கு எட்டத்தில், படியை விட்டு உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் மரத்தின் பக்கத்தில் வைத்தார். பாதி வாளிதான் நிரப்பினார். முழு வாளி தூக்கினால் நோனாவுக்கு அந்த வயதில் தடுமாறும்.