அக்காவை நடக்கவிடாத தம்பி எழுதுவது

அக்கா போய் இன்றோடு ஓராண்டு. படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, அக்காவின் பெருமையை மட்டும் எழுது என்றார்கள். என்னால் முடியவில்லை.

அக்கா பிறந்தது புதுப்பட்டினம் குப்பத்தில். வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில். மாமா கடலில் தவறியபோது மகளுக்கு நான்கு வயது. மறுமாதமே மீன்கூடையைத் தலையில் எடுத்தார். விடியலில் கரையில் ஏலம் கேட்டு, திருக்கழுக்குன்றம் சாலை ஊர்களில் வீடு வீடாக நடந்து விற்பார். "இன்னிக்குப் புடிச்சதா?" என்று கேட்டால், "பின்ன, உன் கல்யாணத்தப்போ புடிச்சதா?" என்பார். அந்த வாய்க்காகவே வாங்குகிறவர்கள் இருந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்ததும், என்னைப் படிக்கவைத்ததும் அந்த நடைதான்.

மார்பில் கட்டி வந்தது. செங்கல்பட்டில் ஆபரேஷன், பிறகு கீமோ. முதல் கீமோ முடிந்த அன்றே ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருவர் வந்தார். "மருந்து மாதிரி இதுவும் வைத்தியம்தாம்மா. தினமும் நடங்க, நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருங்க, கையை மெல்ல மேல தூக்குங்க. களைப்பான நாள்ல கொஞ்சமா செய்யுங்க" என்று படம் போட்ட தாளைக் கொடுத்தார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நடக்கறதுக்கும் சீட்டா? இத்த நான் உனக்குச் சொல்லித் தர்றேன்!"

மாத்திரைச் சீட்டைச் சுவரில் ஒட்டினேன். அந்தத் தாளை ஃபைலில் செருகிவிட்டேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நோயாளியைப் பார்க்க வருகிற அத்தனை பேரும் "எழுந்துக்காத, படு" என்போம். அதுதான் பாசம். ஒருநாள் அக்கா தெருவில் நடப்பதைப் பார்த்த பெரியம்மா ஒருவர், "குத்துக்கல்லாட்டம் தம்பி இருந்தும் வெயில்ல நடந்துகினு கீறா பாரு" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் செருப்பை எடுத்து பீரோவில் பூட்டினேன். "இன்னாடா, காலையா வெட்டிட்டாங்க? கட்டியத்தான எடுத்தாங்க?" என்று கத்தினார். "இத்தினி வருஷம் நடந்தது போதும்க்கா, சும்மா இரு" என்றேன். தம்பி என்றால் இவன்தான் என்று குப்பமே மெச்சியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன், முட்டாள்!

மூன்று மாதத்தில் தொடை சூம்பியது. கை தோளுக்கு மேல் ஏறவில்லை. களைப்பு கூடக் கூட இன்னும் படுக்கவைத்தோம். அந்தப் பெண் மறுபடி வந்து "நடக்கிறாங்களா?" என்றபோது, "தினமும் நடக்கிறாங்க" என்று பொய் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

நோய் ஈரலுக்குப் பரவியது. நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் கடைசியில் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: தன் காலால் ஒருமுறை கரைக்குப் போய் ஏலம் கேட்கவேண்டும். கரை கூப்பிடு தூரம்தான். வாசல்படி தாண்டும் முன்பே முழங்கால் மடங்கி என்மேல் சாய்ந்தார். நாற்காலியோடு தூக்கிப் போகிறேன் என்றேன்.

"வேணாம்டா. பொணத்தத்தான் தூக்கிகினு போவாங்க."

அடுத்த வாரம் போய்விட்டார்.

கீமோ நாட்களில் ஆட்டோ ஓட்டிவந்த மச்சானுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த எதிர்வீட்டு அத்தைக்கும், பொறுமையாகச் சொல்லித்தந்த அந்தப் பெண்ணுக்கும் கைகூப்பி நன்றி. அக்காவைத் தூக்க நாலு பேர் தோள் கொடுத்தீர்கள், மறக்கமாட்டேன். உயிரோடு இருந்தபோது கூடவே நடக்க அவருக்கு ஒரே ஒரு ஆள் போதுமாக இருந்தது. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.