வெயில் அந்துக்கு ஒரு முற்றம்

வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியதும் தெருவே திரைகளை இழுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடும். லோரெட்டா அப்போதுதான் வெளியே வருவாள். ஓலைத் தொப்பியை அழுத்திக்கொண்டு முன்முற்றத்தில் குப்புறப் படுத்து, முகவாயைக் கைமேல் ஊன்றி, புல் தூருக்குள் பார்வையை விடுவாள். புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, படுத்தா செத்துட்டதா அர்த்தமா? சும்மா நில்லு, பூச்சி வர்ற நேரம்" என்று அவரை அதட்டினாள். ஆம்புலன்ஸில் வந்தவர்களையும் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பூச்சிக் கதை சொல்லித்தான் அனுப்பினாள்.

மெல்போர்னின் மேற்கே, மால்டாக்காரர்கள் நிறைந்த தெரு அது. எந்த வீட்டு முன்னாலும் பளிச்சென்ற கான்கிரீட் தரை, வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள், தொட்டியில் ஓர் எலுமிச்சை. அந்தத் தரைகளில் பாதிக்கு மேல் லோரெட்டாவின் அண்ணன் சென்சு போட்டவை. பள்ளிக்கூடம் அவருக்குப் பதினாலு வயதோடு முடிந்தது. ஆனால் மட்டப்பலகையைக் கையில் எடுத்தால் அவர் வைத்த சரிவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காது. தங்கை வீட்டுத் தரையைத்தான் எல்லாவற்றையும்விட அழகாகப் போட்டிருந்தார்.

ஒருநாள் அவள் வந்து, "அண்ணே, நீ போட்டதை நீயே பேத்துக் குடு" என்றாள்.

"ஏன்டி, எங்கயாவது வெடிச்சிருக்கா?"

"அதான் வெடிக்கவே மாட்டேங்குதே. ஒரு புல்லாவது எட்டிப் பாக்க வேணாமா?"

சென்சு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இடிக்கும் இயந்திரத்தோடு வந்தார். பேர்ப்பதிலும் அவருக்கு ஒழுங்கு வேண்டும். நடைபாதைக்கு மட்டும் ஒரு பட்டையை விட்டு, அதன் ஓரத்தை நூல் பிடித்தாற்போல் அறுத்துக் கொடுத்தார்.

லோரெட்டா முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். அந்தக் கை புல்லிலும் தெரியும். அந்த மண்ணுக்கே உரிய வாலபிப் புல்லைக் கொத்துக் கொத்தாக நட்டாள். கதிர் முற்றிப் பஞ்சுபோல் விரிந்ததும் பேன் சீப்பால் வாரி விதையைச் சேர்ப்பாள். காய்ந்த தாளைக் கடைக் கத்தரிக்கோலாலேயே நறுக்குவாள். முதலில் வெட்டுக்கிளி வந்தது. அதைத் தின்ன அரணை வந்தது. விதை பொறுக்கக் கிளிகள் ஜோடியாக வந்திறங்கின. ஒவ்வொன்று வரும்போதும் கடையில் வாடிக்கையாளரை ஈரத்தலையோடு விட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்வாள். அவர் அதைச் சுடச்சுட மால்டா கிளப்பில் போய்ச் சொல்வார். "எந்தங்கச்சி வாசல்ல கிளி வந்து எறங்குது. ஒங்க சிங்கத்து மேல காக்காவாவது வருதா?"

எதிர்வீட்டுக் கர்மேனாவால் மட்டும் இதைப் பொறுக்க முடிவதில்லை.

"லோரெட்டா, ஊருக்கெல்லாம் முடி வெட்டுறே. ஒன் வாசலுக்கு யாரு வெட்டுறது?"

"விதை கொட்டட்டும், வெட்டுறேன் அக்கா. ஒன் தலை மாதிரி மாசாமாசம் சாயம் பூச வேணாம் பாரு, இதுக்குத் தன்னாலயே நல்ல நெறம்."

ஆனால் லோரெட்டா காத்திருந்தது கிளிக்கோ அரணைக்கோ அல்ல. பொன்வெயில் அந்து என்ற பூச்சிக்கு. விட்டில்போல விளக்கைத் தேடும் அந்து அல்ல அது. காற்று அடங்கிய நடுப்பகலில் மட்டும் பறப்பது. அதற்குத் தின்ன வாய் கிடையாது. வெளியே வந்தால் ஒரு சில நாள்தான் ஆயுள். அதற்குமுன் புழுவாக மண்ணுக்குள் வாலபிப் புல்லின் வேரைத் தின்றபடி வருஷக்கணக்கில் கிடக்கும். லோரெட்டாவின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், ரயில் பாதை ஓரத்துக் காலிமனையில் அவை இருந்தன. கோடை தொடங்கும்போது ஆண்பூச்சிகள் வேலி தாண்டித் தாழப் பறந்து வந்து முற்றத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பும்.

"பொண்ணு பாக்க வர்றானுங்கண்ணே. வீட்ல பொண்ணு இல்லேன்னு தெரிஞ்சதும் காப்பிகூடக் குடிக்காமப் போறானுங்க" என்பாள்.

பெண்பூச்சிக்குச் சரியாகப் பறக்க வராது. வேலிக்கு அடியில் நடந்து வந்து புல் தூரில் முட்டையிட்டால்தான் உண்டு. அப்படி ஒன்றாவது வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. இதற்கிடையில் காலிமனையில் வீடு கட்டுவதற்காக மண்வாரி வந்து மொத்தத்தையும் வழித்துப் போட்டது. இந்தக் கோடையில் வேலியைத் தாண்டி ஒன்றுகூட வரவில்லை.

"தோண்டிப் பாத்தா என்ன?" என்று கேட்டார் சென்சு.

"தோண்டினா, இருக்கறதும் செத்துரும். நம்ம மண்ணுக்குள்ள இருந்தா தானா வரணும். இல்லேன்னா இந்தத் தெருவுல அதோட கதை முடிஞ்சுதுண்ணே." சொன்ன கையோடு அவள் மறுபடியும் குப்புறப் படுத்துவிட்டாள்.

அங்கே கோடை பிறக்கும் நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, லோரெட்டா கடையை அடைத்துவிட்டு வந்தபோது சென்சு நடைபாதை ஓரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"கர்மேனா பேரன் வேலைதான். சிகரெட்டைக் குடிச்சிட்டு அடிக்கட்டையைக் கொண்டாந்து நம்ம புல்லுல குத்தி வெச்சிருக்கான். மூணு. மூணையும் புடுங்கி வெச்சிருக்கேன். இப்பவே கொண்டுபோய் அவ மொகத்துக்கு நேரா நீட்டறேன்."

சட்டைப்பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் கொட்டினார். பழுப்பு நிறம், சிறு குழல்கள். லோரெட்டா குனிந்து பார்த்தாள். ஒன்றை மோதிரத்தைத் தொடுவதுபோல் தொட்டாள். அது எடையே இல்லாமல் உருண்டது.

"அண்ணே."

"என்ன?"

"இது சிகரெட் இல்லண்ணே. கூடு. கூட்டுப்புழுவோட கூடு! காலியா இருக்கு பாரு, மேல பொளந்திருக்கு பாரு! உள்ள இருந்தது வெளிய போயிருக்குண்ணே! நம்ம மண்ணுலேர்ந்து!"

"அய்யோ, நான் புடுங்கிட்டேனே!"

"காலிக் கூடுதான், ஒன்னும் ஆகல. எங்கேர்ந்து புடுங்கினே? சொல்லு, சொல்லு!"

இதைக் கேட்டால் சென்சுவுக்குச் சொல்லத் தெரியும். "நடைபாதை ஓரத்துலேர்ந்து ஒரு சாண் உள்ள. தண்ணிக் குழாய்க்கு நேரே இருக்கற கொத்து. ரெண்டு அதுல. ஒன்னு அதுக்கு அடுத்ததுல, வேலிப்பக்கம் சாஞ்சாப்புல."

அவர் முடிப்பதற்குள் லோரெட்டா முழங்காலில் விழுந்திருந்தாள். கடை உடுப்பு, நல்ல செருப்பு, எதைப் பற்றியும் நினைப்பில்லை. "எதிர்வீட்ல கேக்குதுடி" என்றார் சென்சு. "கேக்கட்டும்! கர்மேனாக்கா, ஒம் பேரன் நல்லவன்!" என்று கத்தினாள். எதிர்த் திரை விலகியது. "அதுக்கு ஏன்டி வாசல்ல உருளுறே?" என்று குரல் வந்தது.

 சத்தம் போடாதே என்பதுபோல் லோரெட்டாவின் கை மெல்ல மேலே எழுந்து நின்றது.

அடுத்த கொத்தின் அடியில், வெறும் மண்ணில், சாம்பல் நிறத்தில் ஏதோ உட்கார்ந்திருந்தது. சென்சு அதைக் காய்ந்த சருகு என்றுதான் நினைத்தார். சருகு இறகைத் திறந்தது. உள்ளே ஆரஞ்சு நிறம், தணல் ஊதிவிட்டாற்போல். ஆண்பூச்சி எங்கிருந்தாலும் பார்க்கட்டும் என்று பெண்பூச்சி காட்டும் நிறம். மூடித் திறந்தது, மறுபடி மூடித் திறந்தது. சென்சு தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். அவர் நிழல் பூச்சியின் மேல் விழுந்தது. இறகு சட்டென்று மூடிக்கொண்டது.

லோரெட்டா தலையைத் திருப்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, அண்ணனின் கால்சராய் விளிம்பைப் பற்றி, நாற்காலியை ஓசையில்லாமல் நகர்த்துவதுபோல் மெல்லப் பின்னால் இழுத்தாள். நிழல் புல்லை விட்டு வழிந்து கான்கிரீட்டுக்குப் போனது. வெயில் பட்டதும் ஆரஞ்சு திறந்தது. வேலிப் பக்கத்துக் கொத்திலிருந்து பழுப்பாக ஒன்று தாழப் பறந்து வந்தது. லோரெட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். பற்றிய துணியை மட்டும் விடவேயில்லை.