தியேட்டரில் எடுத்த அட்டெண்டன்ஸ்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். மணி பன்னிரண்டு. எதிர் டீக்கடைக்காரர் உள்ளூர் யூடியூப் சேனலின் நேரலையை ஊருக்கே கேட்கும்படி கடை டிவியில் அலறவிட்டிருக்கிறார். இன்று பெரிய ஹீரோவின் படம் ரிலீஸ். காலையில் கட்அவுட்டுக்கு அண்டா அண்டாவாகப் பால் ஊற்றினார்கள், இப்போது முதல் காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வருகிறது. ஊர்ச் செய்தி இன்றைக்கு இவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வராத தெருக்காரர்கள் படம் ஓடி முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் மைக்கைப் பிடுங்கி, "இண்டர்வெல் சீன்ல மெரட்டிட்டாப்ல!" என்று கத்துகிறார்.

"அது எங்க சாருங்க்கா," என்கிறாள் பக்கத்தில் இருக்கும் கல்லூரிப் பெண். விடியற்காலை முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்தவள். மடியில் திறக்காத டிபன் பாக்ஸ்.

"காலேஜ் லீவாம்மா?"

"இல்லீங்க்கா. நான் மட்டும் கிளாஸ்ல ஒக்காந்துகினு இருந்தேன். மத்தவங்கல்லாம் படத்துக்குப் பூட்டாங்க."

"அட்டெண்டன்ஸ்?"

"தியேட்டர்லயே எடுத்துட்டாரு. சார் பேரு படிக்க, பசங்க விசிலடிச்சி உள்ளேன் ஐயா சொல்றாங்க. குரூப்ல வீடியோ வந்துச்சி."

"உனக்கு?"

"ஆப்சென்ட்டு. நாளைக்கு லீவ் லெட்டர் எடுத்துகினு வரணுமாம்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு என்னிடம் கேட்கிறாள்: "கிளாஸ்ல இருந்தேன்னு எழுதுனா சார் கோவிச்சிக்குவாரு. காய்ச்சல்னே எழுதிடட்டுங்களாக்கா?"